பீரங்கி இருக்கட்டும், குண்டு எத்தனை?

(போரில் ஜெயிப்பது ஆயுதமா, ஆளா? இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராணுவப் பட்டறையில் பீரங்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்ற நம் அல்சூர் உறுப்பினர்.)

இந்திரா நகர் அன்பர்: சார், நல்ல ஆயுதம் வைத்திருப்பவன்தானே கடைசியில் ஜெயிக்கிறான்?

அப்படியென்றால் 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம், அசல் உத்தரில் பாகிஸ்தான் ஜெயித்திருக்க வேண்டும். அவர்களிடம் அமெரிக்க பேட்டன் டாங்கி. நம்மிடம் செஞ்சூரியனோடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மனும் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் வயலில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கரும்புக்குள் லாட வடிவில் காத்திருந்தார்கள். வந்த பேட்டன்கள் சேற்றில் திணறின. நம் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பூட்டிய பீரங்கியாலேயே டாங்கிகளை உடைத்து, அங்கேயே உயிரையும் விட்டார். பேட்டன் மட்டமான வண்டி இல்லை. ஆனால் சேறு கம்பெனி பெயர் பார்க்காது.

கே.ஆர். புரம்: ட்ரோன் வந்துவிட்டது. இனி பீரங்கியெல்லாம் காயலான் கடைக்குத்தானே?

2020-ல் கராபாக்கில் ஆர்மேனியாவை 44 நாளில் அஜர்பைஜான் ஜெயித்தது. துருக்கியின் பைரக்தார் ட்ரோன் வீடியோவை எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஷுஷா நகரத்தைப் பிடிக்க மலையேறி ஆள்தான் போக வேண்டியிருந்தது. உக்ரைனில் இரு பக்கமும் ட்ரோன் பறக்கிறது. அப்படியும் 155 மி.மீ. பீரங்கிக் குண்டு போதவில்லை என்ற புலம்பல் தீரவில்லை.

அந்தக் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் 30 கிலோ இருக்கும். அதை மாடிப்படியில் தூக்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆயிரம் குண்டு என்றால் 43 டன். அதைச் சுடுகிற மருந்து தனி, லாரி தனி, லாரிக்கு டீசல் தனி. ஆயுதத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் லாரியைப் பாருங்கள்.

லிங்கராஜபுரம்: ரஃபேல் ஒசத்தியா, சீனாவின் ஜே-10 ஒசத்தியா?

என் துறை இல்லை. விமானப்படையில் இருந்தவர்களைக் கேளுங்கள். யூடியூபில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுபவரைக் கேட்காதீர்கள்.

சிவாஜி நகர்: ஐயா, மைசூர் ராக்கெட்டைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரனே ராக்கெட் செய்தான். அப்புறம் திப்பு எப்படித் தோற்றார்?

கேட்டீர்களே, இது கேள்வி! நம் பெங்களூர் மார்க்கெட் பக்கம் தாராமண்டல்பேட்டை இருக்கிறதே, அந்த வாணங்களால் வந்த பெயர் என்பார்கள். ஐரோப்பாவில் காகித அட்டைக் குழலில் மருந்து அடைத்த காலத்தில், இங்கே இரும்புக் குழல். அழுத்தம் தாங்கும், அதனால் தூரம் போகும். சிவமொக்கா மாவட்டம் நகராவில் 2018-ல் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தது. ஒரு சாணுக்குச் சற்று கூடுதல் நீளம், அவ்வளவுதான்.

1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காஞ்சியில் பெரிய படையோடு இருந்த இன்னொரு ஆங்கிலேயத் தளபதி மன்றோ நேரத்துக்கு வந்து சேரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மறுபக்கம். 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் நம் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தான். மே மாதம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும் விட்டான். தீவனம் இல்லை, காளைகள் கூட்டமாகச் செத்தன. கோட்டை உடைக்கக் கொண்டுவந்த பீரங்கிகளைத் தானே நாசம் செய்துவிட்டுத் திரும்பினான். அடுத்த ஆண்டு தானியமும் மாடும் சேர்த்துக்கொண்டு வந்தான். திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். ராக்கெட் இரண்டு முறையும் அதே ராக்கெட்தான்.

அதே சிவாஜி நகர்: திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகத்தை மறைக்கிறீர்களே?
ஜெயநகர்: துரோகமெல்லாம் தோற்றவர் பக்கம் சொல்லும் சமாதானம்.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். துரோகம் நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உள்ளே புகுந்த வழி, மதிலில் பீரங்கி போட்ட ஓட்டை. அந்தப் பீரங்கியை இழுத்து வந்தது மாடு. ஜெயநகர்க்காரருக்கும் ஒரு வார்த்தை: கம்பெனிக்குக் கூட்டாளியாக ஹைதராபாத் நிஜாமும் வந்தார், திப்பு தனியாக நின்றார். இதை எந்த ராக்கெட் சரிக்கட்டும்? கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். ராக்கெட்டை இங்கிலாந்தில் வுல்விச் ஆயுதச் சாலைக்கு அனுப்பினான், காங்கிரீவ் அதை மேம்படுத்தினார். திப்புவின் அம்ருத் மஹால் மாட்டுப் பண்ணையைப் பிற்பாடு தானே நடத்தினான்.

சிவாஜி நகர்: இருந்தாலும் துரோகம்...

சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு: ட்ரோன் காலத்தில் பீரங்கி எதற்கு?

மேலே படியுங்கள்.

மாரத்தஹள்ளி: 1962 சீனப் போரில் நம்மிடம் நல்ல துப்பாக்கி இருந்திருந்தால்?

பழைய .303 துப்பாக்கி ஒரு குறைதான். அந்த உயரத்துக்கு ஏற்ற கோட்டும் பூட்ஸும் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. விரல் விறைத்தவனிடம் எந்தத் துப்பாக்கி கொடுத்து என்ன?

ஹெப்பால்: எதிர்காலப் போர் ட்ரோன்களால்தான் என்கிறார்களே?

சிலிண்டர்.

அல்சூர்: அண்ணா, உங்கள் பட்டறை அனுபவம் ஒன்று சொல்லுங்கள்.

ஒரு பீரங்கி எண்ணெய் கசிந்து வந்தது. குழலில் கீறல் இல்லை, சக்கரம் புதுசு. தேவைப்பட்டது உள்ளங்கை அளவு ரப்பர் சீல் ஒன்று. கேட்டு எழுதினோம். மூன்று வாரம் அந்தப் பீரங்கி தார்ப்பாய்க்குள் தூங்கியது, பக்கத்தில் நாங்கள் கேரம் ஆடினோம். ஒரு நாள் பார்சல் வந்தது. பிரித்தோம். வேறு அளவு.