தண்ணித்துறை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தோம். ஹவுஸ்போட்டில் ஒரு பகல், ஒரு இரவு. முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் பிள்ளைகள் டிவி பக்கம் போய்விட்டார்கள், எனக்கும் சலித்துவிட்டது. ஐந்தரை மணிக்கே கரையோரம் கட்டிப்போட்டு ஏமாற்றிவிட்டார்கள். டீசல் புகை வேறு. இது என் ரசனைக் குறைவா? அடுத்த முறை எந்த மாதம், எத்தனை நாள் போகலாம்? என்ன இருந்தாலும், நம் தமிழ்நாட்டில் இப்படி ஒரு நீர்வழி இல்லையே என்ற ஏக்கத்தோடுதான் திரும்பினேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. எந்த ஊருக்கும் போகாத படகில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சலிக்கும். அடுத்த முறை ஆலப்புழை போட் ஜெட்டியில் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகில் ஏறி கோட்டயம் போங்கள். இரண்டரை மணி நேரப் பயணம். துறைக்குத் துறை நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள், சந்தைப் பையோடு அம்மாக்கள் இறங்குவார்கள். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் குட்டநாட்டு வயல்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே கிடப்பது தெரியும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற மண் அது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். டீசல் புகை பிடிக்கவில்லை என்றால் வைக்கத்துக்குப் போங்கள். 2017 முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே சூரிய ஒளியில் ஓடும் படகு இருக்கிறது.

ஐந்தரைக்குக் கட்டிப்போட்டதை 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். அதற்குமேல் அது மீனவர்கள் வலை விரிக்கிற நேரம். ஏரி அவர்களுடைய வயல். ஒரு ராத்திரி காசு கொடுத்ததால் அது உங்களுடையதாகிவிடாது.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நம்மிடம் நீர்வழி இல்லை என்று யார் சொன்னது? போன வாரம் மயிலாப்பூரில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி "கூவத்தைத் தாண்டி வலது பக்கம்" என்று வழி சொன்னார். அது கூவம் இல்லை தம்பி என்றேன். அவருக்கு நேரமில்லை, போய்விட்டார். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அது பக்கிங்ஹாம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கமாகத் தோண்டத் தொடங்கியது. வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம் என்று நீண்டு, கடலுக்கு இணையாகச் சுமார் 420 கிலோமீட்டர் ஓடியது. பழவேற்காடு ஏரி, கோவளத்துக் கழிமுகம் என்று இயற்கை விட்டுவைத்த உப்புநீர்ப் பரப்புகளையெல்லாம் கோத்துக்கொண்டு போனது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. பட்டினி கிடந்தவர்கள் அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டிய மண் அது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னருக்குப் போயிற்று.

என் அம்மாவின் அப்பா மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றும் படகில் வேலை பார்த்தவர். 1963இல், எனக்கு ஏழு வயதில், ஒரே ஒரு முறை என்னை ஏற்றிக்கொண்டார். சோழகம், அதாவது தென்காற்று, அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து நடப்பார்கள். தண்ணீர் குறைந்த இடத்தில் ஓதம் ஏறி, கடல் தண்ணீர் உள்ளே வரும்வரை காத்துக் கிடப்போம். படகிலேயே மண்ணடுப்பு, மீன்குழம்பு. சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒரு ராத்திரி கட்டிப்போட்டபோது, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணீரில் ஒரு சலனம் இல்லை. தாத்தா என்னைத் தட்டித் தூங்கவைத்தார். அவர் வலது தோளில் கயிறு அறுத்த இடம் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அதைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனேன்.

1965, 66 புயல்களில் கால்வாய் தூர்ந்தது, லாரி வந்தது, படகு நின்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதாது. லாரி கேரளத்துக்கும்தான் வந்தது. நீங்கள் ஏறிய ஹவுஸ்போட்டுக்கு முன்னோடி, ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே பலகைகளைத் தைத்த கெட்டுவள்ளம். நெல் சுமந்த படகு. அதன் பிழைப்பும்தான் போயிற்று. ஆனால் அங்கே வீட்டு வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. குளிப்பது, துணி துவைப்பது, விருந்தாளியை வரவேற்பது எல்லாம் அந்தப் படியில். நாம் கால்வாய்க்கு முதுகைக் காட்டி வீடு கட்டினோம். கொல்லைப்புறத்தில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் அல்லவா? கொட்டினோம். கொட்டிவிட்டு சாக்கடை என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த பிறகு யாருக்கும் கூச்சம் இல்லை. சாக்கடைக்குள் சாக்கடை விட்டால் என்ன தப்பு? சாக்கடை நடுவில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டால் என்ன தப்பு? நட்டார்கள், கால்வாய் குறுகியது. மழை வெள்ளத்தில் அதே தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மட்டும் அழுகிறோம்.

கரையில் குடிசை போட்டவர்கள்தான் காரணம் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். மாடி வீடுகளிலிருந்து வரும் குழாய்களை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் தண்ணித்துறை மார்க்கெட் என்று ஒன்று இருக்கிறது. காய்கறி வாங்குகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், எந்தத் தண்ணீர், எந்தத் துறை என்று. படகில் சரக்கு வந்து இறங்கிய துறை ஐயா அது! முட்டுக்காட்டில் உல்லாசப் படகு ஏறும் பிள்ளைகளிடம், இதே தண்ணீரில் அந்தக் காலத்தில் உப்பும் விறகும் போனது என்று யாராவது சொல்லக் கூடாதா? பிள்ளைகள் டிவி பக்கம் போனதாக வருத்தப்படுகிறீர்கள். அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் என்ன கதை இருந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் ஏக்கம் உண்மையானது என்று தெரியும், அதனால்தான் இவ்வளவும். குளிர்காலத்தில் சென்னை வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் மரக்காணம் வாருங்கள். நகரத்துக்கு வெளியே கால்வாய் இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. உப்பளப் பாத்திகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், கொக்குகள் நிற்கும். கயிறு இழுத்து நடந்த கரை எது என்று நானே காட்டுகிறேன்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். கோட்டயம் படகுக்கு அரை நாள் போதும். மிச்சத்தை இதற்கு வையுங்கள்.