பையைத் தூக்கும் முன் கேட்கட்டும்

கேள்வி: கல்லல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். உடல்நலம், மரியாதை, பிறருக்கு உதவுதல் என்று வாரம் ஒரு பீரியட் நடத்துகிறேன். கதை சொன்னேன், சார்ட் மாட்டினேன், உதவி செய்தால் ஸ்டார் என்றேன். கால் சரியாக ஊன்ற முடியாத பையன் ஒருவன் இருக்கிறான். மறுநாளே அவன் பையைத் தூக்க நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். வார் அறுந்து, அவன் அழுதுவிட்டான். "பெரியோரை மதி" என்று கோரஸாகச் சொல்கிற அதே பிள்ளைகள், காலை உணவு சமைக்கும் அம்மாவை "ஏய், இன்னும் போடு" என்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?
- ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், ஸ்டாரில்தான் தப்பு. அது வந்ததும் அந்தப் பையன் கூடப் படிக்கிறவனாக இல்லாமல் ஸ்டார் காய்க்கும் மரமாகிவிட்டான். முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள்.

பிறகு அவனைத் தனியே கூப்பிட்டு, எதற்கு ஆள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த பள்ளியிலும் இப்படி ஒரு சிறுமி இருந்தாள். பையை அவளே சுமப்பாள். மழை பெய்து முற்றம் வழுக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், அதுவும் இடது பக்கம். ஒரு வருஷம் நாங்கள் வலது பக்கமே நின்றுகொண்டிருந்தோம்!

வகுப்பில் ஜோடி ஜோடியாக நிறுத்தி விளையாட்டாகவே பழக்கலாம். ஒருவர் "தூக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "வேண்டாம்" என்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். இந்தக் கையை எடுப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், பெரியவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். "வேண்டாம்" சொல்லிப் பழகிய பிள்ளைக்குத்தான், யாராவது தப்பாகத் தொட்டாலும் வாய் திறக்கத் தோன்றும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அன்றைக்கே கரும்பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

நம் பக்கம் உதவி என்றாலே வள்ளல் அழகப்பர் கதைதான். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர். சொல்ல வேண்டிய கதைதான், ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஏக்கர் ஏது? ஒன்றாம் வகுப்புக் குட்டிக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடலாம். அதையும் கேட்டுவிட்டு.

மரியாதைக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளில் யார் வந்தாலும் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட மருமகனைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிய ஆச்சிமார்களை எனக்குத் தெரியும். இதெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். யாருக்குச் சொல்லாமல் விடலாம் என்பதையும் சேர்த்தே கற்று வந்திருப்பார்கள். காரில் வருபவருக்கு "வாங்க", தெரு பெருக்குபவருக்கு அறுபது வயதானாலும் "வா, போ". சில தெருக்காரர்களை ஒருமையில் கூப்பிடுவதை ஊரே தப்பாக நினைப்பதில்லை. அந்த "ஏய்" அங்கிருந்துதான் வருகிறது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள்தான். அந்த அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், பொங்கலுக்கு எவ்வளவு அரிசி, உங்களை நாங்கள் எப்படிக் கூப்பிடலாம் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் அத்தை என்றால் அத்தை, ஆச்சி என்றால் ஆச்சி. நீங்களும் கொஞ்சம் கவனியுங்கள்: அவரை "ஏம்மா, இங்க வா" என்று நீங்கள் கூப்பிட்டால், அந்த நாற்காலி வீண்.

உடல்நலத்துக்கு நீளப் பாடம் வேண்டாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையெல்லாம் பூசச் சொல்லுங்கள். பிறகு கட்டிச் சோப்பு. சுண்ணாம்பு கலந்ததும் ஆலத்தித் தண்ணீர் சிவக்குமே, அதுபோலச் சோப்பு பட்ட இடமெல்லாம் சிவக்கும். கட்டைவிரல் அடியும் நகக்கண்ணும் மஞ்சளாகவே நிற்கும். "டீச்சர், இங்க சோப்பே படலை" என்று அவர்களே காட்டுவார்கள். 20 விநாடி தேய்க்கச் சொல்வது ஏன் என்று அப்புறம் விளக்க வேண்டியதே இல்லை. சட்டைக் கையை மட்டும் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். பாக்கெட் தின்பண்டத்தை விட்டு, உளுந்து மாவில் கிண்டும் கும்மாயம் சாப்பிடு என்று உபதேசமும் வேண்டாம். கும்மாயம் கிண்டித் தர வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே!

இன்னொன்று. அந்தப் பையன் எப்போதும் உதவி வாங்குகிறவனாகவே இருக்க வேண்டாம். பள்ளி மணி இப்போது யார் பொறுப்பில்? அவனுக்கு அடிக்க ஆசையா என்று கேட்டுப் பாருங்கள். அறுந்த வாரை அந்த நாலு பேரே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்த் தைத்து வரட்டும். நீங்களும் கூடப் போங்கள், அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்க.