அலாஸ்காவுக்கு எத்தனை ஸ்வெட்டர்?

மகள் வீட்டுக்குப் போய் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊரில் ஐந்து குளிர்காலம் கழித்த கதையை சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, அங்கே சுற்றுலா போவதைப் பற்றித்தான். இந்த மாதப் பக்கம் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் மகன் எங்களைத் துருவ ஒளி பார்க்க ஃபேர்பேங்க்ஸ் அழைத்துப் போகிறான். இரண்டு இரவு போதுமா? (வாசகி, திருச்சி)

போதாது. குறைந்தது மூன்று இரவு வேண்டும், நான்கு என்றால் நிம்மதி. துருவ ஒளி என்பது துருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் வண்ண வெளிச்சம். அந்த ஊர், அது அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பார்க்கலாம். ஆனால் மேகம் மூடினால், மேலே என்ன கூத்து நடந்தாலும் கீழே நமக்கு ஒன்றும் தெரியாது.

என்னைக் கேட்டால் டிசம்பரை விட்டுவிட்டு மார்ச்சில் போங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் என்பது நாலு மணி நேரம்கூட இல்லை. மார்ச்சில் நம்மூர் மாதிரி பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், பனியும் உருகியிருக்காது. குளிரும் கொஞ்சம் மனசு வைக்கும். நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 40-ஐ நானே பார்த்திருக்கிறேன். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்த ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றுதான். ஊரில் எந்தக் காரைப் பார்த்தாலும் முன்பக்கம் ஒரு மின்சார பிளக் தொங்கும். இரவில் அதைச் சொருகி இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் முதல் சில நிமிஷம் 'தடக் தடக்'தான். தரையில் பட்டிருந்த டயரின் பாகம் தட்டையாகவே உறைந்து போயிருக்கும்!

இன்னொன்று. முதல் தடவை நான் பார்த்தது, விறகடுப்புப் புகை மாதிரி வெளுத்த ஒரு கோடு. "அம்மா, அதுதான்" என்றாள் மகள். இதற்கா இத்தனை தூரம் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். கால்மணி நேரத்தில் வந்து எழுப்பினாள். மொட்டைமாடியில் ஈரப் புடவையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறினால் ஒரு அலை ஓடுமே, அப்படி வானம் முழுக்கப் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. அடி ஓரத்தில் மட்டும் ரோஸ். அதனால் வெளுப்பாகத் தெரிந்தால் ஏமாந்து போகாமல் காத்திருங்கள். இரவு பத்து முதல் இரண்டு மணி வரை நல்ல நேரம். மத்தியானமே தூங்கிவிடுங்கள்.

கேள்வி: நாய் வண்டிச் சவாரி பாவமில்லையா? எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடக்கிறது. (கல்லூரி மாணவி, மதுரை)

போகும்முன் எனக்கும் இதே எண்ணம்தான். படத்தில் பார்க்கிற புசுபுசு நாய்கள் இல்லை அவை. ஒல்லியாக, இருபது இருபத்தைந்து கிலோதான் இருக்கும். சேணத்தை எடுத்ததும் 'என்னைப் பூட்டு, என்னைப் பூட்டு' என்று துள்ளி ஊளையிட்டு ஊரைக் கூட்டிவிடும். நங்கூரம் மாதிரிப் பனியில் குத்தி வைத்திருக்கும் கொக்கியைப் பிடுங்கியதும் ஒரு சத்தம் இல்லை. மூச்சும் சறுக்குக் கட்டை உரசுவதும்தான் கேட்கும். வலது பக்கம் திரும்ப 'ஜீ', இடது பக்கம் 'ஹா'. கடிவாளமே கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான்.

ஓட்டுபவர் சொல்லும் முதல் விதி, என்ன ஆனாலும் கைப்பிடியை விடாதே என்பது. நான் விட்டேன். ஒரு வளைவில் பனிமேட்டில் மல்லாந்து விழுந்தேன், நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஸ்னோமொபைல் என்ற பனி ஸ்கூட்டரில் வந்தவர் அவற்றைத் துரத்திப் பிடித்தார். எனக்கு அடி இல்லை, மானம்தான் போயிற்று.

ஆனாலும் எல்லா இடமும் ஒன்று போல இருக்காது. பணம் கட்டும்முன் நாய்கள் கட்டியிருக்கும் இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஒவ்வொரு நாயின் பெயரையும் குணத்தையும் வளர்ப்பவர் யோசிக்காமல் சொல்கிறாரா, கிழட்டு நாய்களை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள்.

சண்டையில் உங்களுக்குக் கைகொடுக்க ஒரு செய்தி: 1925 ஜனவரியில் நோம் என்ற கடலோர ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து ரயிலில் நெனானா என்ற ஊர் வரை வந்தது, அங்கிருந்து நோம் பக்கம் தண்டவாளம் இல்லை. அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், சுமார் இருபது பேர் தங்கள் நாய்களோடு மாற்றி மாற்றி ஓடி, ஆறு நாளுக்குள் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டம் ஓடிய பால்டோ என்ற நாய்க்குச் சிலை வைத்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடிய டோகோவின் பெயர் ரொம்ப காலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. நாய்களிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

கேள்வி: ஆர்க்டிக் வட்டத்துக்கு ஒருநாள் சுற்றுலா என்று விளம்பரம் பார்த்தேன். காசுக்குத் தகுமா? நாமே கார் எடுத்துப் போகலாமா? (வாசகர், சேலம்)

போய்ச் சேரும் இடத்தில் இருப்பது ஒரு பலகை. அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். அதற்காகப் போகாதீர்கள், சாலைக்காகப் போங்கள்.

டால்டன் நெடுஞ்சாலை 1974-இல் எண்ணெய்க் குழாய் போடுவதற்காக வெட்டிய சாலை. சுமார் 665 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைக்கல். பக்கத்திலேயே அந்தக் குழாய் கூட வந்துகொண்டே இருக்கும், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து. யாரோ கணக்குத் தப்பிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயிலிலும் குளிரிலும் இரும்பு நீளும், சுருங்கும், நிலநடுக்கமும் வரும். அசைய இடம் வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கால்கள் மேல் ஏற்றி வைத்ததற்கும் காரணம் உண்டு: உள்ளே சூடான எண்ணெய், கீழே வருஷம் முழுக்க உறைந்த மண். மண் உருகினால் குழாய் புதைந்துவிடும். அந்தக் கால்களின் தலையில் சீப்புப்பல் மாதிரித் தகடுகளைப் பார்ப்பீர்கள். உள்ளே இருக்கும் அமோனியா, மண்ணின் சூட்டை மேலே கொண்டுவந்து குளிர்காற்றில் விட்டுவிடுகிறது. ஓட்டுநர் இதைச் சொன்னபோது வண்டியில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொந்தமாக ஓட்ட வேண்டாம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் அந்தச் சாலைக்கு அனுமதியே இல்லை. லாரி எதிரே வந்தால் கண்ணாடியில் கல் தெறிக்கும். வழியில் இருக்கும் கோல்ட்ஃபுட் என்ற இடத்தைத் தாண்டினால் சுமார் 385 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது.

கேள்வி: எத்தனை ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

ஒன்று. நான் நாலு கொண்டுபோய் மூன்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். உடம்பை ஒட்டி பருத்தி பனியன் மட்டும் போடாதீர்கள், வேர்வை ஊறி அதுவே குளிரும். கம்பளி உள்ளாடை, மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத பெரிய கோட்டு. கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். போனை உள்பையில் உடம்போடு வையுங்கள், வெளியே நீட்டினால் சார்ஜ் மடமடவென்று இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். ஃபேர்பேங்க்ஸில் தாய்லாந்து உணவகங்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு உண்டு. சைவம் என்றால் மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கரடி வருமா? (எட்டாம் வகுப்பு மாணவன், நெல்லை)

குளிர்காலத்தில் அது தூங்கும், தம்பி. நீ பயப்பட வேண்டியது மூஸ் என்கிற ராட்சத மானுக்கு. கடா 600 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஒருநாள் சாயங்காலம் எங்கள் வாசற்படியை மறித்துக்கொண்டு ஒன்று செடியின் குச்சிகளை மென்றுகொண்டிருந்தது. ஹாரன் அடிக்கப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு தமிழ்க் குடும்பத்தில் கொடுத்தனுப்பிய ரசம் மடியில் ஆறிப்போனது.