வீட்டுப் பத்திரத்தை வைத்து சீட் வாங்க வேண்டாம்

கரூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ. பாடத்தை விட்டுவிட்டு ‘புறாக்கூட்டுத் தத்துவம்’ என்று நோட்டு நோட்டாக எழுதுகிறாளாம். சித்தப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டலாமா என்று கேட்டு, நோட்டின் சில பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது கூடுகளில் பத்துப் புறாக்கள் அடைந்தால், ஏதாவது ஒரு கூட்டில் குறைந்தது இரண்டு புறாக்கள் இருந்தே தீரும். தத்துவம் இவ்வளவுதான். 1834இல் ஜெர்மன் கணிதவியலாளர் டிரிக்லே இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார் என்பார்கள். எது புறா, எது கூடு என்று கண்டுபிடிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. உங்கள் மகள் எடுத்துக்கொண்ட கணக்கு இது: 1 முதல் 100 வரை எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றுள் இரண்டுக்கு 1ஐத் தவிர வேறு பொது வகுஎண் இராது. அவள் (1, 2), (3, 4) என்று (99, 100) வரை ஐம்பது ஜோடி போட்டிருக்கிறாள். எடுப்பது 51 எண்கள் என்பதால் ஏதோ ஒரு ஜோடி முழுதாக உள்ளே வந்துவிடும். அடுத்தடுத்த எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொது வகுஎண் கிடையாது. முடிந்தது. ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டிஷ், லாயோஷ் போஷா என்ற சிறுவனைச் சோதிக்கக் கொடுத்த கணக்கும் இந்த வகைதான். யாரும் சொல்லித் தராமல் உங்கள் பெண் இதை முழு வாக்கியங்களில், காரணத்தோடு எழுதியிருக்கிறாள். நூற்றுக்கு நூறு வாங்குகிற பல பிள்ளைகளுக்கு இது வராது.

‘வேலைக்கு ஆகுமா’ என்கிறார் சித்தப்பா. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், ஒரு தகவலும் இழக்காமல் சுருக்கிவிடும் மென்பொருளை ஏன் யாராலும் எழுத முடியாது? நீளமான கோப்புகளின் எண்ணிக்கைக்குக் குட்டையான கோப்புகள் போதாது. இதுவும் அதே புறாக்கூடுதான். கணினி அறிவியலின் அடித்தளத்தைத்தான் அவள் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

பொறியியல் கலந்தாய்வு, ஜேஇஇ பற்றியெல்லாம் சொல்ல உங்களைச் சுற்றி ஆளுண்டு. அதை விடுகிறேன். சென்னை சிறுசேரி சிப்காட்டில் சென்னைக் கணிதவியல் கழகம் இருப்பதை யாராவது சொன்னார்களா? சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது. உலகறிந்த கணிதவியலாளர் அவர். அங்கே பி.எஸ்ஸி. ஆனர்ஸில் கணிதத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்தே படிக்கலாம். ஒரு பக்கம் இயற்கணிதம், பகுப்பாய்வு. மறுபக்கம் புரோகிராமிங், அல்காரிதம். ஆராய்ச்சி செய்பவர்களே வகுப்பெடுக்கிறார்கள். அதே வளாகத்தில் கணினி அறிவியலிலும் டேட்டா சயின்ஸிலும் எம்.எஸ்ஸி. உண்டு. ஆராய்ச்சிக்குப் போகாதவர்கள் மென்பொருள், நிதித்துறை வேலைகளுக்குப் போகிறார்கள்.

சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஒரு பகுதிக்கு விடை மட்டும் போதும். இன்னொரு பகுதியில் நிரூபணத்தை முழுதாக எழுத வேண்டும். ஃபார்முலா மனப்பாடம் அங்கே செல்லாது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. இன்றைக்கே இரண்டை அச்செடுத்து அவளிடம் கொடுங்கள். கணக்கு வராவிட்டாலும் எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கு நிற்கிறாளா என்று பாருங்கள். நிற்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பேசலாம்.

கட்டணம் குறைவில்லை. ஆனால் குடும்ப நிலையைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெங்களூரு பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்புக்கும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே சேர்ந்தவர்களுக்கு மாத உதவித்தொகையே கொடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு தேர்வுகளும் வழக்கமாக மே மாதத்தில் நடக்கும்.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினேழு வயதுப் பெண்ணின் பெயரைச் சொல்லி வீட்டை அடகு வைக்கக் கூடாது. நாளைக்கு அவளுக்குப் படிப்பு பிடிக்காமல் போனால்கூட, அந்தக் கடனை நினைத்து அவள் வாய் திறக்க மாட்டாள். இன்னொன்று, அவளைக் கேட்காமல் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டக் கூடாது. சித்தப்பா ஏற்கெனவே கட்டியிருந்தால், ரசீதோடு போய்த் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வாரமே.