பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் போடாதீர்கள்

கேள்வி: பினாங்கு, பிறையில் வசிக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற சீக்கோ 5 கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டப் பழகியிருக்கிறேன். உள்ளே இருப்பது 7009 இயந்திரம். மூக்குக்கண்ணாடி கழுவும் சிறிய அல்ட்ராசோனிக் கருவியில் குழாய்த் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து பாகங்களைக் கழுவினேன். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் அலசி, தட்டில் பரப்பிக் காயவைத்தேன். மறுநாள் பித்தளைச் சக்கரங்களில் வெண்படலம், இரண்டு ஸ்க்ரூக்களில் துருப்புள்ளி. பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸ் சக்கரத்தையும் இன்னும் தொடவில்லை. அவற்றையும் இப்படியே கழுவலாமா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டையும் தொடாமல் வைத்திருப்பது பெரிய ஆறுதல். பேலன்ஸ், முன்னும் பின்னும் அசைந்து நேரத்தை அளக்கும் சக்கரம். பேலட் ஃபோர்க், அதற்கும் சக்கர வரிசையின் கடைசியான எஸ்கேப் சக்கரத்துக்கும் நடுவில் அசையும் சிறு கவை.

பேலட் ஃபோர்க்கின் இரு கைகளிலும் பதிந்திருக்கும் கற்களையும், பேலன்ஸின் அடியில் உள்ள சின்னஞ்சிறு இம்பல்ஸ் கல்லையும் பொதுவாக அரக்கு வைத்துத்தான் ஒட்டுவார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். கல் உடனே கழன்று விழாது. இளகி, மயிரிழை அளவு நகரும். அவ்வளவு நகர்ந்தாலே எஸ்கேப் சக்கரத்தின் பல் கல்லில் விழும் ஆழம் மாறிவிடும். கல்லை மறுபடி அதன் இடத்தில் நிறுத்துவது தேர்ந்த கைகளுக்கே கடினமான வேலை. ஆகவே இந்த இரண்டுக்கும் நாப்தா வகை லைட்டர் திரவம் மட்டுமே. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், அரக்கைத் தொடாது.

பேலன்ஸைத் தனியாகக் கிண்ணத்தில் போட்டால், அதோடு இணைந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங் எதிலாவது சிக்கி வளைந்துவிடும். கழுவி முடித்த வெற்று அடித்தகட்டில் பேலன்ஸை அதன் பிரிட்ஜோடு (மேலிருந்து பிடிக்கும் தகடு) பூட்டுங்கள். அப்படியே புதிய நாப்தாவில் முக்கி, மெல்ல ஆட்டி எடுங்கள். காய்ந்த பின் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வழியாகப் பாருங்கள். சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை. பழைய திரவத்தைத் தள்ளிவிட்டுப் புதிதில் மறுபடி முக்குங்கள். அல்ட்ராசோனிக்கில் மட்டும் வேண்டாம்.

இனி வெண்படலமும் துருவும். படலம், சரியாக அலசப்படாத சோப்பும் குழாய்த் தண்ணீரின் உப்பும். துருவுக்குக் காரணம் நீங்கள் அலசிய ஸ்பிரிட்டிலேயே இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 விழுக்காட்டு ஆல்கஹால். மீதியில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆல்கஹால் முந்திப் பறந்துவிடும், தண்ணீர் ஸ்க்ரூவின் மரையில் தங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. ஆல்கஹால் ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்துபோன எஃகின்மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படிகிறது. வறண்ட குளிர்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகள் இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கடிகாரம் கழுவுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

ஆகவே மறுபடி கழுவுங்கள். பித்தளை, எஃகுப் பாகங்களைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அது காயும் முன்பே 99 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை, இரண்டாம் முறை புதிதாக ஊற்றி, அலசுங்கள். மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உடனே பாகங்களை ஒரு டீ வடிகட்டியில் போட்டு, இன்னொரு வடிகட்டியால் மூடி, தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டுக் காற்றைக் காட்டுங்கள். மேல் மூடி இல்லாவிட்டால் ஸ்க்ரூ பறந்துவிடும். தொட்டால் வெதுவெதுப்பாகும்வரை நிறுத்தாதீர்கள். காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிரூட்டிய அறையில் இருந்த தட்டை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்தாலும் ஈரம் படியும். விரல் வியர்வையும் எஃகை அரிக்கும். ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் திரவம் மட்டும் கடிகாரத்தைச் சுத்தம் செய்துவிடாது. திரவம் அழுக்கை இளக்கும், எடுப்பது குச்சி. பெரும்பாலான புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அழகுசாதனக் கடைகளில் நகத்துக்கு விற்கும் ஆரஞ்சு மரக் குச்சியை வாங்கி, நுனியைப் பென்சில்போலக் கூராகச் சீவுங்கள். நாப்தாவில் தொட்டு, அடித்தகட்டிலும் பிரிட்ஜிலும் சக்கர அச்சுகளைத் தாங்கும் கல்லின் துளைக்குள் விட்டு, இரு விரல்களால் உருட்டுங்கள். நுனி கறுப்பாக வெளியே வரும். அந்தக் கறுப்பைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி. மறுபக்கமும். நுனி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை அந்தத் துளை சுத்தமில்லை. அல்ட்ராசோனிக்கில் கழுவியாயிற்று என்று நம்பிய அடித்தகட்டிலும் கறுப்பு வருவதை நீங்களே பார்ப்பீர்கள். பல் குத்தும் மூங்கில் குச்சி நார் உதிர்க்கும், வேண்டாம். சக்கரங்களின் பிவட்டில் (அச்சின் மெல்லிய முனை) லூப் வழியாகப் பழுப்பு வளையம் தெரிந்தால் அது இறுகிய பழைய எண்ணெய். நாப்தாவில் நனைத்த குச்சியால் சுற்றித் துடையுங்கள். ஒடிந்துவிடும், அழுத்தாதீர்கள்.

பேலன்ஸின் மேலும் கீழும் உள்ள டயாஷாக் (அதிர்ச்சி தாங்கும் அமைப்பு) கற்களைத் தனியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். அவற்றைப் பிடித்திருக்கும் வில் பறந்துபோனால் தேடிக் கிடைக்காது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு அந்த வேலையைச் செய்யுங்கள். கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கை நிமிர்த்தாமல், நாப்தாவில் நனைத்த மெல்லிய தாளால் துடைத்தால் போதும். டயலையும் முட்களையும் எதிலும் நனைக்காதீர்கள். பின்மூடியின் ரப்பர் வளையத்தை நாப்தாவில் போட்டால் உப்பக்கூடும், புதிது வாங்குங்கள்.

உங்கள் அல்ட்ராசோனிக் கருவியை இந்த ஒரு கடிகாரத்துக்குத் தேவையென்று நான் நினைக்கவில்லை. பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், கடிகாரத்துக்கென்றே விற்கும் நீர்க்கலவைத் திரவத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அடித்தகடு, பிரிட்ஜ் போன்ற பெரிய பாகங்களை மட்டும் அதில் போட்டு, குப்பியைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். இத்தகைய திரவங்கள் பலவற்றில் அமோனியா உண்டு. நெடுநேரம் கிடந்தால் பித்தளை கெடும். நாப்தாவையோ ஆல்கஹாலையோ நேராகத் தொட்டியில் ஊற்றி ஓட்டுவது வீட்டைக் கொளுத்தும் வேலை. நாப்தாவின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அடுக்குமாடி வீட்டில் சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மீதியைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

துருப்பிடித்த ஸ்க்ரூக்களை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதே மரக் குச்சியால் தேய்த்துப் பாருங்கள். புள்ளி மேலோடு நின்றிருந்தால் போய்விடும். பிவட்டில் துரு இருந்தால் தேய்க்காமல் அந்தச் சக்கரத்தையே மாற்றுங்கள். 7009 ஏராளமாக விற்ற இயந்திரம், ஓடாத ஒன்றைப் பாகங்களுக்காக வாங்கலாம்.

எண்ணெய் விடும் முன் ஒரு சோதனை: பேலட் ஃபோர்க் இல்லாமல் சக்கரங்களையும் பிரிட்ஜையும் மட்டும் பூட்டி, ரப்பர் பல்பால் மெல்ல ஊதுங்கள். எல்லாம் தடையின்றிச் சுழன்று, கடைசியில் மெதுவாக நிற்க வேண்டும். வெட்டி நின்றால் ஏதோ ஒரு துளையில் இன்னும் அழுக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு எண்ணெய்க்குப் போங்கள். எண்ணெய் விடும்போது பேலட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கு மட்டும் விடாதீர்கள், அவை உலர்ந்தே ஓட வேண்டும்.