ஒவ்வொரு வைனுக்கும் ஒரு கிளாஸ் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஐரோப்பாவிலிருந்து வரும் வாடிக்கையாளர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது வழக்கம். கோவையில் ஒரு கடையில் வைன் கிளாஸ் கேட்டபோது, சிவப்பு வைனுக்கு இரண்டு வகை, வெள்ளைக்கு ஒன்று, ஷாம்பெயினுக்கு ஒன்று என வகைக்கு ஆறாக 24 கிளாஸ்களை எடுத்து வைத்தார்கள். வைன் நாக்கில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதைக் கிளாஸின் வடிவம் முடிவு செய்கிறது என்றார் விற்பனையாளர். என் மச்சானோ, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாலும் ருசி ஒன்றுதான் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: 24 வேண்டாம். ஒரே வடிவத்தில் எட்டு வாங்குங்கள். ஆறு பேருக்குப் பரிமாற, இரண்டு உடைந்தால் ஈடுசெய்ய. மச்சான் சொல்வதையும் கேட்க வேண்டாம். கிளாஸை மாற்றினால் ருசியும் மாறித் தெரியும், அதற்குக் காரணம் மூக்கு.

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு படம் இருந்தது. கடைக்காரர் சொன்னது அந்தப் படத்தைத்தான். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் அளந்து கண்டவை மிகச் சிறிய வேறுபாடுகள். 1942இல் எட்வின் போரிங் எழுதிய உளவியல் நூலின் வரைபடம் அவற்றைப் பெரிதாகத் தோன்றச் செய்துவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வேறுபாடு அற்பமானது என்று காட்டினார். எல்லாச் சுவையும் நாக்கில் எங்கும் தெரியும். வாயில் வைத்த மறுகணமே வைன் எல்லாப் பக்கமும் பரவியும் விடுகிறது.

திராட்சை வகைக்கேற்பக் கிளாஸ் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனதில் ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிளவுஸ் ரீடலின் புகழ்பெற்ற வரிசை 1973இல் வந்தது. அலங்காரத்தை ஒதுக்கிவிட்டு வடிவத்தைக் கவனித்த அந்த மனிதரை நான் மதிக்கிறேன். நாக்கு வரைபடத்தைச் சொல்லி நான்கு செட் விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சளி பிடித்து மூக்கடைத்த நாளில் ரசம் வெறும் புளிப்பும் உப்புமாகிவிடும். வைனுக்கும் அதே நிலைதான், அதன் ருசியில் பெரும்பகுதி வாசனை. அகன்ற வயிறும் ஒடுங்கிய வாயும் கொண்ட கிளாஸ் அந்த வாசனையைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. 2015இல் டோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷி குழுவினர் ஆல்கஹால் ஆவியைப் படமெடுக்கும் கேமரா ஒன்றை உருவாக்கி இதைச் சோதித்தார்கள். 13 டிகிரியில் இருந்த வைனை வைன் கிளாஸில் ஊற்றியபோது, ஆவி விளிம்பை ஒட்டி வளையமாக நின்றது. நாம் மூக்கை வைக்கும் நடுப்பகுதியில் ஆல்கஹால் குறைவு, அதனால் அந்தக் காரம் மூக்கைத் தாக்காமல் பழ வாசனை தெளிவாகக் கிடைக்கும். நேரான கிளாஸில் வளையம் இல்லை. சூடு கூடியபோது வைன் கிளாஸிலும் இல்லை.

இந்தக் கடைசி முடிவு நம் ஊருக்கு மிக முக்கியம். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறு என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது, அதாவது 16 முதல் 18 டிகிரி வரை. சித்திரை மாதத்துத் திருப்பூரில் அலமாரியில் இருந்த பாட்டிலை அப்படியே திறந்தால், எவ்வளவு விலை கொடுத்த கிளாஸாக இருந்தாலும் சாராய நெடிதான் முன்னால் வரும். பரிமாறும் முன் இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள், வெள்ளை வைன் என்றால் இன்னும் அதிக நேரம். தண்டு இல்லாத கிளாஸ் இப்போது நிறைய விற்கிறது. நம் வெயிலுக்கு அது ஆகாது, உள்ளங்கைச் சூடு நேராக வைனில் இறங்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை: கொள்ளளவு 350 முதல் 450 மில்லி வரை, வயிற்றைவிட வாய் ஒடுங்கியிருக்க வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மலிவான கிளாஸில் விளிம்பு உருண்டு தடித்திருக்கும், நல்லதில் மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும். வண்ணக் கண்ணாடியும் பூ வேலைப்பாடும் வைனின் நிறத்தை மறைத்துவிடும். உடைந்தால் அதே கிளாஸ் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஊற்றும்போது வயிற்றின் அகன்ற இடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசனை தங்கும். ஷாம்பெயின் அடிக்கடி திறப்பீர்கள் என்றால் மட்டும் ஒடுங்கிய உயரக் கிளாஸ் தனியாக வாங்கலாம். அதில் குமிழி நெடுநேரம் நிற்கும்.

விலை உயர்ந்த கிளாஸையும் கெடுப்பது போர் தண்ணீரும் எலுமிச்சை வாசனை சோப்பும். உப்புத் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் வெள்ளைப் படலம் படியும். கடைசி அலசலைச் சிறுவாணித் தண்ணீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ செய்து, உடனே பருத்தித் துணியால் துடையுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்தால் மர வாசனை உள்ளே அடைபடும், நிமிர்த்தி வையுங்கள். விருந்துக்கு முன் ஒருமுறை வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள்.

வாங்கியபின் மச்சானைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். ஒரே பாட்டிலிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம், புதுக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, இரண்டையும் நீங்களே அவர் மூக்கருகே பிடியுங்கள். எதில் வாசனை அதிகம் என்று அவரே சொல்லட்டும்.

கேள்வி: பொள்ளாச்சியில் எங்கள் மாமனார் வீட்டில் கனமான பழைய கிரிஸ்டல் குடுவை ஒன்று இருக்கிறது. வைனை அதில் ஊற்றி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஊற்றி வைக்கக் கூடாது. பழைய கிரிஸ்டலில் பெரும்பாலும் ஈயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) சேர்ந்திருக்கும், ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிரிஸ்டல் என்ற பெயருக்கே 24 சதவீதம் ஈய ஆக்சைடு வேண்டும். வைனின் புளிப்பு அந்த ஈயத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நான்கு மாதம் கிரிஸ்டல் குடுவையில் வைத்த போர்ட் வைனில் ஈயம் லிட்டருக்கு 89 மைக்ரோகிராமிலிருந்து சுமார் 3,500 ஆக உயர்ந்திருந்தது. ஒரு மாலை விருந்துக்கு ஊற்றி அன்றே காலி செய்வதில் சேர்வது மிகக் குறைவு, ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதிலிருந்து பழச்சாறுகூடக் கொடுக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ அதில் போட்டு வைப்பதும் கூடாது. புதிதாக வாங்குவதென்றால் ஈயமற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.