தனி ஆளாக முதல் வீடு: சென்னையில் எந்தப் பக்கம் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 32. திருமணம் ஆகவில்லை, இப்போதைக்கு அந்த யோசனையும் இல்லை. பெருங்குடியில் ஐடி வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 85,000 ரூபாய். வேளச்சேரியில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன், சேமிப்பு 18 லட்சம். பெரும்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அபார்ட்மென்ட்டில் 62 லட்சத்துக்கு இரண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்தேன், மெட்ரோ வரப்போகிறது என்கிறார்கள். திருநெல்வேலியில் இருக்கும் அப்பா, கூடுவாஞ்சேரி பக்கம் மனை வாங்கிப் போடு என்கிறார். தோழி ஒருத்தி இதே காசுக்கு ஆவடியில் பெரிய வீடே கிடைக்கும் என்கிறாள். சித்தியோ, கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலையோ என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: சித்தி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நாளைக்கே திருமணமாகி நீங்கள் புனேவுக்கோ பெங்களூருக்கோ போனால் வீட்டை வாடகைக்கு விடுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. தனியாக இருப்பவரின் வாழ்க்கை எந்தப் பக்கமும் திரும்பலாம், வேலை மாறலாம், அப்பா அம்மா வந்து கூட இருக்கலாம், அதனால் நீங்கள் இல்லாவிட்டாலும் சுலபமாக வாடகைக்குப் போகிற, விற்கிற வீடாகத்தான் பார்க்க வேண்டும். இன்றைய அலுவலகத்துக்குப் பக்கம் என்பதை மட்டும் வைத்து 20 வருடக் கடன் எடுக்காதீர்கள், ஐடி கம்பெனிகள் கட்டடத்தைக் காலி செய்து வேறு பக்கம் போவது ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், சர்வசாதாரணம்.

இப்போது கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 62 லட்சத்தில் 12.4 லட்சம் உங்கள் கைக்காசு. கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், சுமார் 3 லட்சம். புது ஃபிளாட்டை நிலப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிவு செய்யும் முறை 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம், அது ஒரு 4.3 லட்சம். கூட்டிப் பாருங்கள், உங்கள் 18 லட்சம் முழுசாகப் போய் மேலும் கிட்டத்தட்ட 2 லட்சம் துண்டு விழுகிறது, இன்னும் கார் பார்க்கிங், அலமாரி, ஃபேன், விளக்கு எதையும் நான் சேர்க்கவில்லை. 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 43,000 வரும், சம்பளத்தில் பாதி. வீடு கைக்கு வரும்வரை வேளச்சேரி வாடகையும் கூடவே ஓடும். கணவன் மனைவி இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் ஒருவர் வேலை போனால் இன்னொருவர் சம்பளத்தில் ஆறு மாதம் ஓட்டிவிடலாம், உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆறு மாதத் தவணையும் சாப்பாட்டுச் செலவும் தொடாமல் வங்கியில் இருக்க வேண்டும், அதுபோக மிச்சத்தில்தான் வீடு.

பெண்கள் பெயரில் பதிந்தால் சலுகை உண்டே என்று புரோக்கர் சொல்லியிருப்பார். உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு. சென்னையில் 10 லட்சத்துக்கு ஃபிளாட் கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என் கணக்கில் உங்கள் வரம்பு 48 லட்சம். பழைய ஃபிளாட் என்றால் பதிவுச் செலவு 9 சதவீதம், 4.3 லட்சம், ஜிஎஸ்டி கிடையாது. கைக்காசு 9.6 லட்சம். இரண்டும் போனால் 4 லட்சம் மிஞ்சும், தவணை 33,300 பக்கம் வரும். இதைத் தெரிந்துகொண்டபிறகு எந்த ஏரியா என்ற கேள்வி பாதி சுருங்கிவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். ராத்திரி பத்து மணிக்கு, கார் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல் வீடு வந்து சேர முடியுமா? டிசம்பர் மழையில் அந்தத் தெரு என்ன ஆகும்? ஜிம், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் அப்புறம்.

முதல் விஷயத்துக்குச் சென்னையில் எலெக்ட்ரிக் ட்ரெயினை மிஞ்ச எதுவும் இல்லை, கடற்கரை–தாம்பரம் தடத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. வரப்போகும் மெட்ரோவை நம்பி இன்றைக்கே விலை கொடுப்பது வேறு கதை. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத் திட்டமிடப்பட்டது உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் வேளச்சேரியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டிக்கிற வேலை, வெறும் 5 கிலோமீட்டர், 2008இல் ஆரம்பித்தது, ஆதம்பாக்கம் பக்கம் நிலம் எடுக்கிற வழக்கில் சிக்கி வருடக்கணக்கில் அப்படியே நின்றது. அதை நம்பி அப்போது வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் காலேஜுக்கே போய்விட்டார்கள். ரயில் ஓட ஆரம்பித்தபின் அந்த விலையைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, மறுபடியும் முடிச்சூர். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் சதுப்பு நிலத்தைச் சுற்றி வளர்ந்த பகுதிகள், அந்தச் சதுப்பு 2022இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, அதைச் சுற்றிக் கட்டட அனுமதி கொடுப்பது பற்றிய சண்டை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. கட்டி முடியாத வீட்டை அங்கே வாங்கிவிட்டு, வழக்கு எப்போது முடியும் என்று ஒற்றைச் சம்பளத்தோடு காத்திருப்பது உங்களுக்கு வேண்டாத தலைவலி.

ஆவடி நல்ல ஊர், சென்ட்ரல் போக ரயில் உண்டு, 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அம்பத்தூரில் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்பேன். பெருங்குடிக்கு அது ஊரின் எதிர்முனை. கூடுவாஞ்சேரிக்கும் ரயில் உண்டு, ஆனால் நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், அடுத்த செங்கல்பட்டு வண்டிக்கு ராத்திரியில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். மனையைப் பொறுத்தவரை, அதில் குடியிருக்க முடியாது, வாடகை வராது, வேலி போட்டுக் காவல் காக்க வேண்டும். அப்பா வற்புறுத்தினால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது அவருக்கும் நினைவிருக்கும்.

என்னைக் கேட்டால் பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், தாம்பரம் சானடோரியம். இந்த வரிசையில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பத்துப் பதினைந்து வருடப் பழைய, எட்டுப் பத்து வீடுள்ள அபார்ட்மென்ட். பல்லாவரத்திலிருந்து 200 அடி ரோடு நேராகத் துரைப்பாக்கத்தில் ஓஎம்ஆரைத் தொடுகிறது, அங்கிருந்து பெருங்குடி பக்கம். வேலை நாளைக்குக் கிண்டிக்கோ மறைமலை நகருக்கோ மாறினாலும் அதே ரயில். வாடகைக்குக் குடும்பங்களும் வரும், உங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். புது அபார்ட்மென்ட் போல லாபி பளபளக்காது, லிஃப்ட் இருக்காது, பல்லாவரத்தில் தலைக்கு மேல் விமானம் போகும். அதெல்லாம் பழகிவிடும்.

ஏரியா பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருக்கள் ஒரு மாதிரி, மேட்டில் இருப்பவை வேறு மாதிரி. அதனால் தெருவில் இறங்கிப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா, அதற்கு மேலே மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா? இபி மீட்டர் பெட்டிகளைப் பாருங்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மீட்டரைக் கழற்றி ஆள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால், சுற்றிலும் புது சிமென்ட் பூச்சு தெரிந்தால், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் முனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கரன்ட் எப்போது வந்தது. விற்கிறவரும் புரோக்கரும் சொல்லாததை அவர் சொல்வார், அவருக்குக் கமிஷன் இல்லை. மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, பாதாளச் சாக்கடை இருக்கிறதா, இல்லை கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டுமா என்பதையும் மாடி வீட்டு அம்மாவிடம் விசாரியுங்கள். அப்புறம் ஒரு நாள் அலுவலகம் முடிந்து நேராக அங்கே போங்கள், ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை ராத்திரி நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்பது ஞாயிற்றுக்கிழமை காலை காரில் கூட்டிப்போகும் புரோக்கரோடு போனால் தெரியாது.

பத்திர விஷயம் சுருக்கமாக: 30 வருட வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும்), தாய்ப் பத்திரம் (பழைய மூலப் பத்திரம்), பட்டா, சிஎம்டிஏ அனுமதி வரைபடம், நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி. வங்கி வக்கீல் பார்க்கிறாரே என்று விடாமல் உங்கள் செலவில் தனி வக்கீலிடம் காட்டுங்கள். கட்டடத்தின் வயதைப் பார்த்துச் சில வங்கிகள் தவணைக் காலத்தைக் குறைக்கும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: நானும் தனி ஆள், 36 வயது. வீட்டுக் கடனுக்கு அப்பாவைச் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று வங்கியில் சொன்னார்கள். பத்திரத்திலும் அவர் பெயரைப் போட்டுவிடலாமா? ஒரு அண்ணன், ஒரு தங்கை இருக்கிறார்கள்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் சம்பளத்துக்கே கடன் கிடைக்கிறதென்றால் யாரையும் சேர்க்க வேண்டாம். பத்திரத்தில் அப்பாவுக்குப் பாதி என்று எழுதி, அவர் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பாதி உங்கள் அம்மா, அண்ணன், தங்கை, நீங்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும், அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. தவணை முழுக்க நீங்கள் கட்டியிருப்பீர்கள், விற்க வேண்டுமென்றால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். இன்றைக்கு அண்ணன் தங்கமானவராக இருக்கலாம், நாளைக்கு அண்ணியும் மச்சானும் கருத்துச் சொல்வார்கள். அப்பாவின் வருமானம் கட்டாயம் தேவைப்பட்டால், கடனில் மட்டும் சேர்த்துப் பத்திரத்தை உங்கள் பெயரில் வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். முடியாது என்றால் உங்களுக்கு 95, அவருக்கு 5 என்று பங்கைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள், பங்கு எழுதாத பத்திரம்தான் பின்னால் கோர்ட்டுக்குப் போகும்.

மேலே வேளச்சேரி வாசகிக்கும் இதில் ஒன்று. மணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த வீடு பெற்றோருக்குப் போகும். திருமணமாகிக் குழந்தை இல்லாமல் இறந்தால் கணவருக்கு, அவரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு, அதற்கப்புறம்தான் பெற்றோர் வருகிறார்கள். வேறு மாதிரி வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சி கையெழுத்து போதும், முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை.

கேள்வி: தனி ஆளுக்கு ஒரு பெட்ரூம் வீடு போதாதா?
– வாசகி, போரூர்

பதில்: வசிக்கப் போதும். கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டில் 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 1 சதவீதம்தான், ஒரு பெட்ரூமில் அது சுலபமாக அடங்கும். ஆனால் விற்கும்போது வாங்க வருகிறவர்கள் குறைவு, நம் ஊரில் குடும்பஸ்தர்கள் இரண்டு பெட்ரூமுக்குக் கீழே இறங்க மாட்டார்கள். ஓஎம்ஆர், கிண்டி, போரூர் மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் கூட்டம் இருக்கிற இடம் என்றால் வாங்குங்கள், வாடகைக்கு ஆள் வரும். தாம்பரம் தாண்டி என்றால் சின்னதாக இருந்தாலும் இரண்டு பெட்ரூமே பாருங்கள், அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினால் நீங்கள் ஹாலில் படுக்க வேண்டியிருக்காது.